எபிடூரலில் கலந்த மருந்தும் அதற்கு மேல் போட்ட தூக்க ஊசியும்: ஒரு முழங்கால் அறுவையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடுப்புக்குக் கீழே செய்யும் அறுவைகளுக்கு எபிடூரல் (முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து, மருந்து செலுத்தி உடம்பின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் முறை) கொடுக்கும்போது, அதோடு தூக்கம் தரும் மருந்து ஒன்றையும் சேர்ப்பது இன்று பல தியேட்டர்களில் வழக்கமாகிவிட்டது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு கலந்து எபிடூரல் குழாய் வழியாகவே உள்ளே அனுப்பலாம். அல்லது கையில் போட்டிருக்கும் ஐ.வி. வழியாகத் தனியாகக் கொடுக்கலாம். இந்த இரண்டும் ஒரே நோயாளிக்கு, ஒன்று கொடுத்தது தெரியாமல் இன்னொன்றும் கொடுக்கப்பட்டபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

இடம் தமிழ்நாட்டின் மாவட்ட அளவிலான மருத்துவமனை ஒன்று. அன்று நான் அந்தத் தியேட்டரில் இல்லை. மயக்கவியல் துறையில் மூத்தவர்களில் ஒருவன் என்பதால், சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசி, மயக்கக் குறிப்பையும் மானிட்டரில் சேமித்திருந்த பதிவையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நோயாளியும் அவர் மகளும் இதை வெளியிடச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். இரண்டு மயக்க மருத்துவர்களை முதல் மருத்துவர், இரண்டாம் மருத்துவர் என்றே குறிப்பிடுகிறேன். இருவரும் திறமையானவர்கள். அன்று அவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த நிகழ்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

எபிடூரல் போட்டு மரத்துப்போன நோயாளிக்குத் தூக்க மருந்து எதற்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கலாம். முழங்கால் மாற்று அறுவை சத்தம் நிறைந்த வேலை. எலும்பை அறுக்கும் ரம்பம், டிரில், உலோகப் பாகத்தை அடித்து உட்கார வைக்கும் சுத்தியல் எல்லாம் சேர்ந்தால் தச்சுப் பட்டறைக்குள் படுத்திருப்பதுபோல இருக்கும். வலி தெரியாவிட்டாலும் சுத்தியல் அடி உடம்பு முழுக்க அதிர்கிறது. அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை விழித்துக்கொண்டே கடத்துவது பலருக்குப் பெரிய வேதனை. ஆகவே தூக்க மருந்து கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

நோயாளி

60 வயதைக் கடந்த பெண். தரையில் உட்கார்ந்து பூ கட்டி விற்பவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டதால், முதலில் வலது முழங்காலை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்றுவதாக முடிவாகியிருந்தது. எடை 71 கிலோ, உயரம் 150 செ.மீ., கழுத்து குட்டை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும், நாடித்துடிப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்தான அட்டெனோலாலும் சாப்பிட்டு வந்தார். இதய எக்கோ பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. இசிஜியில் நாடித்துடிப்பு 62. அட்டெனோலாலைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால், அறுவை அன்று காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுத்திருந்தார்கள். அது சரியான முடிவு.

அறுவைக்கு முந்தைய மதிப்பீட்டுப் படிவம் முறையாகவே நிரப்பப்பட்டிருந்தது. பல், வாய் திறப்பு, கழுத்தசைவு, பழைய அறுவைகள், ஒவ்வாமை என எல்லாம் இருந்தன. குறட்டை பற்றிக் கேட்க அதில் இடமே இல்லை. தோள், இடுப்பு மூட்டுகளின் அசைவைப் பற்றியும் இல்லை. இந்த இரண்டு குறைகளும் பின்னால் முக்கியமாகின்றன.

மயக்க முறையைத் தேர்ந்தெடுத்தது ஏன்

முதல் மருத்துவர் எபிடூரலைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவாக இருந்தன. ஸ்பைனல், அதாவது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள்ளேயே ஒரே ஊசியாக மருந்து போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். எபிடூரலில் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவதால் இறக்கமும் மெதுவாகவே இருக்கும். அறுவை நீண்டால் குழாய் வழியாகக் கூடுதல் மருந்து கொடுக்கலாம். அறுவைக்குப் பிறகு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி செய்ய வேண்டிய முதல் 2 நாட்களுக்கும் அதே குழாய் வழியாக வலியை அடக்கலாம்.

மரத்துப்போகச் செய்யும் புபிவகைனோடு, தூக்கம் தரும் டெக்ஸ்மெடிடோமிடின் 50 மைக்ரோகிராம் கலக்கவும் அவர் முடிவு செய்தார். ஓபியாய்டு வகை வலி மருந்தான ஃபென்டனில் கலந்தால் அரிப்பு, குமட்டல், சிறுநீர் அடைப்பு வரலாம். டெக்ஸ்மெடிடோமிடினில் அந்தத் தொல்லைகள் குறைவு. மரப்பு நீடிக்கும், கூப்பிட்டால் எழக்கூடிய அமைதியான தூக்கமும் வரும். அதனால் தனியாகத் தூக்க ஊசி தேவைப்படாது என்பது அவர் கணக்கு.

இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது 1999இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை அமைதிப்படுத்த அனுமதிக்கப்பட்டது. 2008இல் மூச்சுக்குழாய் போடாத நோயாளிகளுக்கும் அந்த அனுமதி நீட்டிக்கப்பட்டது. இரண்டு அனுமதிகளும் ரத்தக்குழாய் வழிக்குத்தான். எபிடூரலில் கலப்பதைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன, இந்தியாவிலிருந்து நிறையவே. ஆனாலும் மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் அந்த வழி இல்லை. கொழுப்பில் எளிதில் கரையும் மருந்து என்பதால் எபிடூரல் வெளியில் போட்டது தண்டுவடத்தோடு நிற்பதில்லை. ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகிறது. தூக்கம் வருவது அதனால்தான். நாடித்துடிப்பைக் குறைப்பதும் இந்த மருந்தின் இயல்பு. மனிதர்களில் இதை முறிக்க மாற்று மருந்து புழக்கத்தில் இல்லை. கால்நடை மருத்துவத்தில் மட்டும் உண்டு.

முதல் ஒரு மணி நேரம்

தியேட்டருக்குள் வந்தபோது ரத்த அழுத்தம் 148/86, நாடி 64, ஆக்சிஜன் அளவு 98 சதவீதம். உட்கார வைத்து, இடுப்பு முதுகெலும்பின் 3ஆம், 4ஆம் எலும்புகளுக்கு இடையில் 18 கேஜ் டூஹி ஊசி. 5 செ.மீ. ஆழத்தில் எபிடூரல் வெளி கிடைத்தது. குழாயைத் தோலில் 9.5 செ.மீ. குறியில் ஒட்டினார்கள். சோதனை டோஸாக அட்ரினலின் கலந்த லிக்னோகைன் 3 மி.லி. அட்டெனோலால் சாப்பிடுபவருக்குக் குழாய் தவறி ரத்தக்குழாய்க்குள் போயிருந்தாலும் நாடி எகிறாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்து, முதல் மருத்துவர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அந்தக் கவனத்தை இங்கே குறித்து வைக்க விரும்புகிறேன்.

அப்புறம் 0.5 சதவீத புபிவகைன் 15 மி.லி., அதோடு டெக்ஸ்மெடிடோமிடின், 5 மி.லி. வீதம் இடைவெளி விட்டு. 9.05க்கு முழு டோஸும் உள்ளே. 9.25க்குத் தொப்புளுக்கு மேலே, மார்பு 8ஆம் நரம்பு மட்டம் வரை குளிர்ச்சி தெரியவில்லை. 9.30க்குத் தொடையில் டூர்னிக்கெட் (காலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும் காற்றுப் பட்டை) 300 மி.மீ. அழுத்தத்தில் ஏற்றப்பட்டது. நோயாளி கண்ணை மூடியிருந்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொன்னார். 1974இலிருந்து பயன்படும் ரேம்சே தூக்க அளவுகோலில் இது 3. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் ஓடியது. 9.50க்கு நாடி 52, ரத்த அழுத்தம் 108/62. எல்லாம் நினைத்தபடியே போனது.

வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் காப்னோகிராஃப் அந்த மானிட்டரிலேயே இருந்தது. ஆனால் மூச்சுக்குழாய் போட்ட நோயாளிகளுக்குத்தான் அதை மாட்டுவது என்பது அங்கே நெடுநாள் பழக்கம். அன்றும் மாட்டவில்லை.

பொறுப்பு கை மாறியது

10.05க்குப் பிரசவப் பிரிவிலிருந்து அவசர சிசேரியனுக்கு அழைப்பு. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது, காத்திருக்க முடியாது. பக்கத்துத் தியேட்டரில் வேலை முடித்திருந்த இரண்டாம் மருத்துவர் இங்கே வந்தார். கதவருகே நின்றபடியே பேச்சு முடிந்தது. "எபிடூரல் நல்லா வேலை செய்யுது, 15 மி.லி. புபிவகைன் போட்டிருக்கு, பிபி ஸ்டேபிள், சுகர் 142." குறிப்புத்தாளில் "புபிவகைன் 0.5%, 15 மி.லி., துணை மருந்துடன்" என்று எழுதியிருந்தது. எந்தத் துணை மருந்து, எவ்வளவு என்று எழுதவில்லை. இரண்டாம் மருத்துவர் அதைப் படித்து ஃபென்டனிலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அந்தத் துறையில் பெரும்பாலானோர் கலப்பது அதைத்தான்.

10.30 முதல் 10.55 வரை

10.30 வாக்கில் நோயாளி அசைய ஆரம்பித்தார். இடது கையை இழுத்தார், தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், முனகினார். டூர்னிக்கெட் ஏற்றி 1 மணி நேரம் ஆகியிருந்தது. மரப்பு நன்றாக இருந்தாலும் 45 நிமிடம், 1 மணி நேரம் தாண்டினால் டூர்னிக்கெட் இருக்கும் இடத்தில் ஆழமான ஒரு கடுப்பு எழும்புவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அதுதான் காரணம் என்று தோன்றியது இயல்பே. உலோகப் பாகத்தை எலும்போடு பிடிக்க வைக்கும் எலும்பு சிமென்ட் குழைக்கும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. சிமென்ட் இறுகும் அந்தச் சில நிமிடங்கள் கால் அசையவே கூடாது. அறுவை மருத்துவர், "மேடம், அம்மாவைக் கொஞ்சம் தூங்க வையுங்க, சிமென்ட் போடப் போறோம்" என்றார்.

10.33க்கு ஐ.வி. வழியாகத் தூக்க மருந்தான மிடாசோலம் 1 மி.கி. அசைவு நிற்கவில்லை. 10.37க்கு இன்னொரு 1 மி.கி. 10.39க்கு டூர்னிக்கெட் வலிக்காக ஃபென்டனில் 50 மைக்ரோகிராம். இந்த அளவுகள் எதுவும் வழக்கத்துக்கு மீறியவை அல்ல. டெக்ஸ்மெடிடோமிடின் உள்ளே இல்லாத நோயாளியாக இருந்திருந்தால் அனேகமாக ஒன்றும் ஆகியிருக்காது.

10.43க்குக் குறட்டை கேட்டது. தூங்கிவிட்டார் என்று தியேட்டரே நிம்மதியானது. 10.45க்குச் சிமென்ட். 10.47க்குக் குறட்டை நின்றது.

ஆக்சிஜன் அளவு அப்போதும் 97 சதவீதம். இந்த எண் ஏமாற்றக்கூடியது. முகமூடி வழியாக ஆக்சிஜன் ஓடும்போது நுரையீரலில் இருப்பு சேர்ந்திருக்கும். மூச்சு அடைபட்டாலும் அந்த இருப்பு தீரும்வரை பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். காப்னோகிராஃப் மாட்டியிருந்தால் அலை தட்டையானது 10.47க்கே தெரிந்திருக்கும். 10.49க்கு 91 என்று காட்டி அலாரம் அடித்தது, உடனே 84க்கு வந்தது. நாடி 41, ரத்த அழுத்தம் 82/48.

இரண்டாம் மருத்துவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். வயிறு எழும்பும்போது மார்பு உள்ளே இழுத்தது. மூச்சு விட முயற்சி இருக்கிறது, காற்று போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. தாடையை முன்னால் தள்ளிப் பிடித்து, வாய் வழிக் காற்றுக்குழாய் வைத்து, 100 சதவீத ஆக்சிஜனோடு பையை அழுத்தினார். உதவிக்குக் குரல் கொடுத்தார், அறுவையை நிறுத்தச் சொன்னார். நாடியை ஏற்ற அட்ரோபின் 0.6 மி.கி., ரத்த அழுத்தத்தை ஏற்ற மெஃபென்டெர்மின் 6 மி.கி. கொடுக்கப்பட்டது. நாடி இன்னும் இறங்கினால் கொடுக்க நீர்த்த அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து வைக்கச் சொன்னார்.

10.52க்கு ஆக்சிஜன் 96, நாடி 68, ரத்த அழுத்தம் 104/60.

அப்போது யோசித்த மற்ற காரணங்கள்

அந்த மூன்று நிமிடத்தில் மனதில் ஓடியவற்றை இரண்டாம் மருத்துவர் பின்னால் எனக்கு விரிவாகச் சொன்னார். சிமென்ட் போட்டு 4 நிமிடத்தில் ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் இறங்கினால், சிமென்டால் வரும் ரத்த ஓட்டச் சரிவைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அது இடுப்பு மூட்டு அறுவைகளில்தான் அதிகம். முழங்காலில் டூர்னிக்கெட் ஏறியிருக்கும்வரை வாய்ப்பு குறைவு, அதைத் தளர்த்தும்போதுதான் பயப்பட வேண்டும். மரப்பு மேலே ஏறிவிட்டதா என்றால், கடைசி டோஸ் போட்டு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மரப்பு மருந்தின் நச்சு விளைவும் அதே காரணத்தால் பொருந்தவில்லை, மொத்த புபிவகைனும் 75 மி.கி.தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தாடையைத் தூக்கியதும் பையிலிருந்து காற்று தடையில்லாமல் உள்ளே போனது, எண்கள் உடனே ஏறின. அடைபட்டது மேல் மூச்சுப் பாதை என்று அதுவே சொல்லிவிட்டது.

ஆனால் 2 மி.கி. மிடாசோலமும் 50 மைக்ரோகிராம் ஃபென்டனிலும் இவ்வளவு ஆழத்துக்கு ஏன் கொண்டுபோயின என்ற கேள்வி நின்றது. பதில் கொடுத்தது மூத்த ஸ்டாஃப் நர்ஸ். எபிடூரல் டிராலியில் காலி ஆம்ப்யூல்களைப் போட்டு வைக்கும் கிண்ணத்தைப் புரட்டிப் பார்த்து, "மேடம், இதுல ஒரு டெக்ஸ் ஆம்ப்யூல் இருக்கு" என்றார். 10.55க்கு, மிடாசோலத்தை முறிக்கும் ஃபுளுமசெனில் 0.2 மி.கி. கொடுக்கப்பட்டது. ஒரு நிமிடத்தில் நோயாளி கூப்பிட்டதற்குக் கண் திறந்தார். ஃபென்டனிலை முறிக்கும் நலோக்சோன் கொடுக்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 12 வந்துவிட்டது, வலி நிவாரணத்தையும் சேர்த்து முறிக்க வேண்டிய தேவை இல்லை. அந்தத் தீர்மானம் சரி என்றே நான் கருதுகிறேன்.

கண் விழித்ததும் அவர் சொன்னது

இரண்டாம் மருத்துவர் குனிந்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். "தோளு கடுக்குதும்மா. கையை மடக்க விடுங்க" என்றார் நோயாளி.

இடது தோள். சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காணும் உறைந்த தோள்மூட்டு அவருக்கு 2 வருடமாக இருந்தது. கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு எழும்பாது. அந்தக் கையை ஐ.வி. போடுவதற்காகக் கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு விரித்து, கைப்பலகையில் பட்டையால் கட்டி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து எபிடூரல் போட்டுக்கொண்டபோது இது தெரிய வாய்ப்பில்லை. படுக்க வைத்துக் கையை விரித்தபோது தூக்கம் வந்துகொண்டிருந்ததால் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. 10.30க்கு அவர் இழுத்தது அந்தக் கையைத்தான். வலது தொடையில் இருக்கும் டூர்னிக்கெட் வலித்தால் இடது கையை ஏன் இழுக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பட்டையை அவிழ்த்து, கையை உடம்போடு ஒட்டிக் கொண்டுவந்து, முழங்கைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தார்கள். அத்தோடு முனகல் நின்றது. மீதி அறுவை முழுவதும் வேறு தூக்க மருந்து எதுவும் தேவைப்படவில்லை. நர்ஸ் ஒருவர் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். 11.10க்கு டூர்னிக்கெட் இறக்கப்பட்டது. ரத்த அழுத்தம் 10 புள்ளி இறங்கித் தானாகவே மீண்டது.

அதற்குப் பின்

அவரை வார்டுக்கு அனுப்பாமல் மீட்பு அறையிலேயே மானிட்டரோடு வைத்துக்கொண்டார்கள். இது மிக நல்ல முடிவு, ஏனென்றால் 1 மணிக்கு மறுபடியும் ஆழ்ந்து தூங்க ஆரம்பித்தார். ஆக்சிஜனை எடுத்துப் பார்த்தபோது அளவு 92க்கு இறங்கியது. ஃபுளுமசெனிலின் வேலை சுமார் 1 மணி நேரத்தில் தேய்ந்துவிடும், மிடாசோலம் அதைத் தாண்டி நிற்கும். டெக்ஸ்மெடிடோமிடினை ஃபுளுமசெனில் தொடவே தொடாது. தலைப்பக்கத்தை உயர்த்தி, சரிந்து படுக்க வைத்து, ஆக்சிஜனைத் தொடர்ந்தார்கள். இந்த முறை காப்னோகிராஃபும் மாட்டப்பட்டது. மாலை 5 மணிக்குத் தெளிவாகப் பேசினார், காப்பி கேட்டார்.

மறுநாள் வாக்கர் பிடித்து நடந்தார். குழப்பமோ நினைவுத் தடுமாற்றமோ இல்லை. இசிஜியில் மாற்றம் இல்லை. வழக்கமான நாளில் வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே நானும் இரண்டாம் மருத்துவரும் மகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். தூக்க மருந்துகள் சேர்ந்ததால் சில நிமிடம் மூச்சு அடைத்தது, உடனே சரிசெய்யப்பட்டது, இனி எங்கே அறுவை செய்தாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினோம். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா வீட்லயும் தூங்கும்போது குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாங்க டாக்டர், நடுவுல திடீர்னு மூச்சே இருக்காது. அப்புறம் திடுக்குனு இழுத்து விடுவாங்க. வயசானா அப்படித்தான்னு நினைச்சோம்" என்றார். இது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் வர்ணனை. முதல் நாள் யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

துறைக் கூட்டத்தில் பேசியது

நாடி 41க்கு இறங்கியதற்குக் காரணம் ஒன்றல்ல. அட்டெனோலால், டெக்ஸ்மெடிடோமிடின், எபிடூரலால் ஏற்பட்ட சிம்பதெடிக் தடுப்பு (ரத்த அழுத்தத்தையும் நாடியையும் தூக்கிப் பிடிக்கும் நரம்புகள் அடங்கிப்போவது) மூன்றும் ஏற்கெனவே நாடியைக் கீழே பிடித்து வைத்திருந்தன. ஆக்சிஜன் குறைந்தது கடைசித் தள்ளல். இப்படிப்பட்ட நோயாளிகளின் உடம்பில் ஆபத்தை ஈடுகட்டும் சக்தி அடங்கிக் கிடக்கிறது. 1988இல் அமெரிக்காவில் ராபர்ட் கேப்லனும் சக மருத்துவர்களும் இழப்பீட்டு வழக்குகளை ஆராய்ந்து, ஸ்பைனல் மயக்கத்தின்போது திடீரென இதயம் நின்ற 14 ஆரோக்கியமான நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 6 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். உயிர் பிழைத்த 8 பேரில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் அளவுக்குத் தேறியவர் ஒருவர்தான். நோயாளி வசதியாகத் தூங்குவதுபோல் தெரிந்த நிலை அந்த நிகழ்வுகளில் திரும்பத் திரும்ப வந்ததை அவர்கள் சுட்டிக்காட்டியிருந்தார்கள். ஸ்பைனலும் எபிடூரலும் ஒன்றல்ல, அன்றைய மானிட்டர்களும் இன்றையவை அல்ல. இருந்தாலும் 10.43க்கும் 10.49க்கும் இடையில் நாம் இருந்தது அந்தப் பாதையில்தான் என்று கூட்டத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் பேசினோம். எபிடூரலோ ஸ்பைனலோ தானாகவே ஓரளவு தூக்கத்தைக் கொடுக்கும். உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வுகள் குறைந்துவிடுவதால் தூக்க மருந்து வழக்கத்தைவிடக் குறைவாகவே போதும். வெறும் புபிவகைன் மட்டுமே போட்டிருந்தாலும் 2 மி.கி. மிடாசோலத்தை யோசித்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

விவாதம் சூடானது டெக்ஸ்மெடிடோமிடினை எபிடூரலில் கலக்கலாமா என்பதில்தான். ஒரு தரப்பு, இனி கலக்கவே கூடாது என்றது. இன்னொரு தரப்பு, குற்றம் மருந்துடையதல்ல, தகவல் விட்டுப்போனதுதான் என்றது. இரண்டிலும் நியாயம் உண்டு. என் கருத்து இது. துணை மருந்தின் பெரிய பயன் மரப்பு நீடிப்பது. ஒரே ஊசியில் முடிகிற ஸ்பைனலில் அதற்கு மதிப்பு அதிகம். எபிடூரலில் குழாய் உள்ளேயே இருக்கிறது, மரப்பு குறைந்தால் 5 மி.லி. கூடுதலாகப் போட்டால் வேலை முடிந்தது. அப்படியிருக்க நீடிப்புக்காக இன்னொரு மருந்து எதற்கு? தூக்கத்துக்காக என்றால், அதே டெக்ஸ்மெடிடோமிடினை ஐ.வி. வழியாக மெதுவாக ஓட்டலாம். நாடி இறங்கினால் பம்பை நிறுத்தலாம். எபிடூரலுக்குள் போட்டதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர், குறட்டை விடுபவர், வயதானவர் இவர்களுக்காவது திரும்ப எடுக்க முடியாத வழியில் தூக்க மருந்து கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இளைஞர் ஒருவரின் கணுக்கால் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்தினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

மாற்றியவை

எபிடூரலில் என்ன கலந்தாலும் பெயர், அளவு, நேரம் மூன்றையும் குறிப்புத்தாளின் மேலே சிவப்பு மையில் எழுத வேண்டும், குழாயின் வெளிமுனையிலும் அதே விவரத்தோடு ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும் என்று முடிவானது. பொறுப்பு கை மாறும்போது பேச்சு கதவருகே அல்ல, நோயாளியின் தலைமாட்டில் நடக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்த தூக்க மருந்து எது, எப்போது என்பதை வருபவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவசர அழைப்பு வந்த நேரத்தில் இதற்கெல்லாம் பொழுது ஏது என்று ஒருவர் கேட்டார். செய்து பார்த்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தூக்க மருந்து எந்த வழியாகக் கொடுத்தாலும் காப்னோகிராஃப் கட்டாயம். அதற்கென்று செய்த மூக்குக் குழாய்கள் இருப்பில் இல்லாத நாளில், மாதிரி எடுக்கும் மெல்லிய குழாயை ஆக்சிஜன் முகமூடியின் துளை வழியாக உள்ளே நுழைத்து ஒட்டினாலும் அலை கிடைக்கிறது. எண் துல்லியமாக இராது. மூச்சு வருகிறதா இல்லையா என்பது தெரியும். நமக்கு வேண்டியது அதுதான்.

மதிப்பீட்டுப் படிவத்தில் குறட்டைக்கும் மூட்டுகளுக்கும் இடம் சேர்த்தோம். குறட்டையைப் பற்றி நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, கூடப் படுப்பவரிடம் கேட்க வேண்டும். எபிடூரல் மருந்து ஏறுவதற்கு முன்பே, நோயாளி தெளிவாக இருக்கும்போது, கைகளை அறுவைக்கு வைக்கப்போகும் நிலையிலேயே வைத்து "இப்படி 2 மணி நேரம் இருக்க முடியுமா?" என்று கேட்கிறோம். இதைக் கேட்க ஆரம்பித்த பிறகு தோள், கழுத்து, இடுப்பு வலிகள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று தெரிந்து எங்களுக்கே வியப்பாக இருக்கிறது.

அசையும் நோயாளிக்கு உடனே தூக்க ஊசி இல்லை. முதலில் மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம். அடுத்து நேராகக் கேள்வி: எங்கே வலிக்கிறது, என்ன செய்கிறது? டூர்னிக்கெட், நிறைந்த சிறுநீர்ப்பை, குளிர், கை கால் வைத்திருக்கும் விதம் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, மரப்பு குறைந்திருந்தால் எபிடூரல் வழியாக மருந்து. அதற்கும் அப்புறம்தான் தூக்கம், அதுவும் ஒரே ஒரு மருந்து, சிறிய அளவு. சிமென்ட் நேரத்தை அறுவை மருத்துவர்கள் 10 நிமிடம் முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒத்துழைப்பு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் காகிதத்தோடு நின்றிருக்கும். காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போடுவதையும் தொடங்கியிருக்கிறோம். ரம்பத்தின் சத்தத்தை அது முழுவதும் மறைப்பதில்லை என்றாலும் பலருக்குத் தூக்க மருந்தின் தேவையைக் குறைக்கிறது.

இடது முழங்கால்

நோயாளி தூக்கப் பரிசோதனைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மூச்சுத் தடை நோய் உறுதியானது, இரவில் காற்றழுத்தக் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறார். இடது முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவர் கோப்பின் முதல் பக்கத்தில் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது: எபிடூரலில் புபிவகைன் மட்டும், தேவைக்கேற்பக் குழாய் வழியாகக் கூடுதல் டோஸ். இடது கை உடம்போடு ஒட்டி, ஐ.வி. வலது கையில். அட்டெனோலால் தொடரும். காப்னோகிராஃப் முதல் நிமிடத்திலிருந்து. முன்கூட்டியே தூக்க மருந்து கிடையாது, அவரே கேட்டால் மிடாசோலம் 0.5 மி.கி. வரை. அறுவைக்குப் பின் முதல் இரவு அவருடைய காற்றழுத்தக் கருவியோடு கண்காணிப்புப் படுக்கையில். கருவியை மறக்காமல் எடுத்துவர வேண்டும் என்பதை மகளிடம் எழுதியே கொடுத்திருக்கிறோம்.